சட்டியில் விழாத பூச்சி

காலை ஆறரைக்கு நாகம்மை சட்டியைத் தூக்குவாள். அதற்குப் பிறகுதான் கீழப்பத்து வயல்காரர்களுக்குத் தொண்டையில் டீ இறங்கும். போன கார்த்திகை மாதம் முழுக்க அப்படித்தான் இருந்தது. சுசீந்திரத்துக்கு வடக்கே, குளத்து மறுகாலுக்குக் கீழே ஒரே விரிப்பாகக் கிடக்கும் முப்பது ஏக்கர் நெல்வயலுக்குத்தான் கீழப்பத்து என்று பெயர். அதன் மேல்கோடியில் நாகம்மைக்கு முக்கால் ஏக்கர். வயலோரத்தில் மோட்டார் அறை இருந்தது, அதில் கரண்டும் இருந்தது. அதனால் விவசாய ஆபீசிலிருந்து வந்த விளக்குப்பொறி அவள் தலையில் விழுந்தது. வேறு தகுதி எதுவும் பார்த்து யாரும் அதை அவளுக்குக் கொடுக்கவில்லை.

பொறி என்றால் பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. ஒரு கம்பு, கம்பில் ஒரு பல்பு, பல்புக்குக் கீழே மண்ணெண்ணெய் விட்ட தண்ணீரோடு ஓர் அலுமினியச் சட்டி. வெளிச்சத்தைப் பார்த்து வருகிற பூச்சி சட்டியில் விழும். விடிந்ததும் அதை டீ அரிப்பில் வடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, ஈர்க்கில் நுனியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ண வேண்டும். அந்துப்பூச்சி எத்தனை, பச்சைத் தத்துப்பூச்சி எத்தனை, புகையான் எத்தனை என்று வாட்சப் குரூப்பில் வாயால் சொல்ல வேண்டும். தட்டு அவள் புருஷன் பொன்னுலிங்கம் சோறு தின்கிற தட்டு. ஆட்டோ ஓட்டுகிறவன். ஊரில் ஆட்டுக்குக் கணக்கு உண்டு, மாட்டுக்குக் கணக்கு உண்டு, பூச்சிக்குக் கணக்குப் பார்க்கிற பெண்டாட்டி எனக்குத்தான் வாய்த்தாள் என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு பெருமை இருந்தது நாகம்மைக்குத் தெரியும்.

பெருமைப்படட்டுமே. இரணியலில் பிறந்து, எட்டாவதோடு பையை ஆணியில் மாட்டிவிட்டு, பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வாழ வந்தவள். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் எந்தக் காரியத்திலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்ட ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கும்பிடப் பதிக்குப் போனால்கூட பாத்திரம் கழுவ ஆள் குறைகிறபோதுதான் அவள் பெயர் ஞாபகம் வரும். அப்படிப்பட்டவளிடம் பத்து ஏக்கர்காரர்கூட வரப்பில் நின்று, "பூச்சியக்கா, இன்னைக்கு என்ன கெடக்கு?" என்று கேட்டார். சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனார். இதில் கொஞ்சம் தலை நிமிராவிட்டால் அவள் மனுஷியே இல்லை.

அவள் வயலுக்கு நேர் கீழே ஜெபதாசின் வயல். சொந்தம் இல்லை, பாட்டத்துக்கு எடுத்தது. ஜெபதாஸ் குலசேகரத்தில் பதினைந்து வருடம் ரப்பர் பால் வெட்டியவன். மாமனார் ஊரில் நெல் விளைவிக்கப் போகிறேன் என்று ஒருநாள் கத்தியை வைத்துவிட்டு இறங்கி வந்தபோது எல்லாருக்கும் சிரிப்புதான். நான்கு வருடத்தில் கீழப்பத்திலேயே ஒழுங்கான வரப்பு அவனுடையது என்று ஆயிற்று. வயலின் சொந்தக்காரன் ஷைஜு துபாயில் இருந்தான். போன கன்னிப்பூ சாகுபடி மழையில் சாய்ந்து பாதிக்குப் பாதி முளைத்துப் போனதும் அவன் போன் பண்ணி, மரியாதையாகவே சொல்லிவிட்டான்: இந்தக் கும்பப்பூப் போகம் விளையட்டும், பார்ப்போம், இதுவும் போனால் நான் மண்ணடித்து மனை போட்டுவிடுவேன், என்னைக் குறை சொல்லக்கூடாது என்று. ஆகவே ஜெபதாசுக்கு அந்த ஒரு விளைச்சல்தான் வயல். அது வீடு வந்து சேர்ந்தால் வயல் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இது கீழப்பத்தில் எல்லாருக்கும் தெரியும், நாகம்மைக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவன் நட்ட அன்றைக்கு நாற்று முடிச்சு எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

கார்த்திகைத் தொடக்கத்தில் சட்டியில் புகையான் விழ ஆரம்பித்தது. கொசுவைவிடக் கொஞ்சம் பெரிய, பழுப்பு நிறப் பூச்சி. முதுகைத் தாண்டி நீளும் கண்ணாடி இறக்கை. முதல்நாள் முப்பது, அடுத்த வாரம் இருநூறு, ஒருநாள் நானூற்றுப் பதினாறு. குரூப்பில் அந்த எண்ணைக் கேட்டவர்கள் மறுபடி போட்டுக் கேட்டார்கள். புகையான் விழுந்த வயல் தீயில் வெந்த மாதிரி காய்ந்து போகும், பெயரே அதனால் வந்ததுதான். ஆபீசிலிருந்து ஜிஷா வந்து பார்த்தாள். குலசேகரத்துப் பெண், இழுத்து இழுத்துப் பாட்டுப் போலப் பேசுவாள். சட்டி ஒரு கண்தான், பயிரின் தூர் இன்னொரு கண். வாரத்துக்கு ஒருதரம் வயலுக்குள் இறங்கி, பத்துத் தூரை விலக்கித் தட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாகம்மை மூன்று வாரம் தவறாமல் இறங்கினாள். தூருக்கு ஒன்று, இரண்டு என்றுதான் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

நாலாவது வாரம் மார்கழி பிறந்து பயிர் சூல் பிடித்துவிட்டது. தண்டுக்குள் கதிர் உருண்டு நிற்கிற அந்த நாட்களில் கீழப்பத்தில் யாரும் வயலுக்குள் கால் வைப்பதில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியை இடித்துக்கொண்டு நடப்பார்களா என்று கேட்பார்கள். களை கண்ணில் பட்டாலும் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார்களே தவிர இறங்க மாட்டார்கள். நாகம்மையும் இறங்கவில்லை. ஜிஷா சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் மாமியார் காலத்திலிருந்து காத்த வழக்கத்தை, நேற்று ஸ்கூட்டரில் வந்த பெண் சொன்னாள் என்று மீற மனம் வரவில்லை. அதோடு, மீறத் தேவையும் இல்லாதபடி சட்டி நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. நானூறு நூறாயிற்று. நூறு பன்னிரண்டு ஆயிற்று. மார்கழி பத்தாம் தேதி தட்டில் ஒரு புகையான்கூட இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அன்று காலை ஜெபதாஸ் மண்வெட்டியோடு வந்தான். அஞ்சுகிராமத்தில் அவன் மச்சினன் வயலில் புகையான் விழுந்துவிட்டதாம். நான் வரப்பில் தண்ணீர் வடிகிற வாமடையை வெட்டி மூன்று நாள் தண்ணீரை வடித்துக் காயப்போடலாம் என்று பார்க்கிறேன், தூருக்கு மருந்தும் அடித்துவிடலாம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். சூல் பயிரைக் காயப்போடுவது லேசான காரியமில்லை, கதிர் பால் பிடிக்காமல் பதராகிவிடலாம். அந்தப் பயமும் அவனுக்கு இருந்தது. அதனால்தான் கேட்க வந்தான்.

நாகம்மை தட்டை அவன் முன்னால் நீட்டினாள். நான்கு அந்துப்பூச்சியும் ஒரு வண்டும் கிடந்தன.

"நீயே பாரு. போயாச்சு ஜெபதாசு. பயிரக் காயப் போடாண்டாம்."

"நீங்க சொன்னா போரும் அக்கா," என்றான்.

அவன் வாமடையில் ஏற்கனவே இரண்டு வெட்டு வெட்டியிருந்தான். அதில் மறுபடி மண்ணைப் போட்டு மிதித்து மூடிவிட்டுப் போனான். நாகம்மை அதோடு விடவில்லை. குரூப்பிலும் சொன்னாள். கீழப்பத்தை விட்டுப் புகையான் போய்விட்டது, யாரும் தண்ணீர் வடிக்க வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம் என்று அவள் குரல் முப்பத்தெட்டு போனில் ஒலித்தது. கைகூப்பிய படமும் கட்டைவிரல் படமுமாகப் பதில் வந்து குவிந்தது. பொன்னுலிங்கம் அதை ஸ்டாண்டில் இரண்டுதரம் போட்டுக் காட்டினான்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள். ஜெபதாசின் வயல் நடுவில் ஒரு சுளகு அகலத்துக்கு மஞ்சள் தெரிந்தது. எலி வெட்டியிருக்கும் என்று அவன் நினைத்தான். மறுநாள் அது ஒரு பாய் அகலமாயிற்று, நடுவில் வைக்கோல் நிறம். நாகம்மையைக் கூப்பிட்டான். அவள் வரப்பில் நின்று பார்த்தாள். அப்புறம் யாரையும் கேட்கவில்லை; சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதிர் விட்ட பயிருக்குள் இறங்கிவிட்டாள்.

மேலே பச்சை, மணி திரண்ட கதிர். கையால் விலக்கித் தூரைப் பார்த்தால் எள்ளைக் கொட்டி வைத்த மாதிரி அப்பியிருந்தது. தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலே, தண்டே தெரியாமல் பூச்சி. தொட்டால் பறக்கவில்லை. தண்டைச் சுற்றி மறுபக்கம் நகர்ந்தது, சில தண்ணீரில் துள்ளி விழுந்து மறுபடி ஏறியது. பிசுபிசுவென்று கை ஒட்டியது, ஒரு புளித்த வாடை. நாகம்மை ஒன்றைப் பிடித்து உள்ளங்கையில் விட்டாள். தட்டில் ஆயிரக்கணக்கில் எண்ணிய அதே புகையான்தான். ஆனால் வயிறு பருத்து இருந்தது. இறக்கை பாதி முதுகுக்கு மேல் எட்டவில்லை, வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடத்துச் சட்டையைப் போட்ட மாதிரி.

பதினொரு மணிக்கு ஜிஷா வந்தாள். அவளும் இறங்கிப் பார்த்துவிட்டு, கரைக்கு ஏறிக் காலைக் கழுவாமலே பேச ஆரம்பித்தாள். முதலில் தூரத்திலிருந்து பறந்து வந்தவை நீள இறக்கைக்காரிகள். அவைதான் வெளிச்சத்துக்கு வந்து சட்டியில் விழுந்தன. விழாதவை பயிரில் முட்டை வைத்தன. பயிர் செழிப்பாக, தின்னத் தாராளமாக இருந்தால், பிறக்கிற பெண்பூச்சிகளில் முக்கால்வாசிக்கு இறக்கை குட்டையாகிவிடும். எங்கேயும் போக வேண்டியதில்லை அல்லவா? இறக்கைக்குப் போகிற சத்தெல்லாம் முட்டைக்குப் போகும். நீள இறக்கைக்காரியைவிட இவள் சீக்கிரமும் வைப்பாள், கூடுதலும் வைப்பாள். பறக்காது. பறக்காதது விளக்குக்கு வராது.

ஆக, சட்டி காலியானது புகையான் போனதால் அல்ல. அது குடியிருக்க வந்துவிட்டதால்.

"இத எங்கிட்ட நீ சொல்லல்லியே மக்கா," என்றாள் நாகம்மை.

ஜிஷா தலையைக் குனிந்துகொண்டு, "தூரப் பாக்கச் சொன்னேனேக்கா," என்றாள்.

நாகம்மையின் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் தட்டுதான் நின்றது. இவ்வளவு நாளும் நான் என்னத்தைத்தான் எண்ணினேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். செய்யக் கூடியது எல்லாம் செய்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரை வடிக்க ஜெபதாஸ் வாமடையை வெட்டினான். ஆனால் அந்த வாரம்தான் கீழப்பத்துக்கு முறைத் தண்ணீர் வருகிற வாரம். மேல்வயலில் பாய்ந்து, அவன் வயல் வழியாகத்தான் கீழ்வயல்களுக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். அங்கே கதிர் பால் பிடிக்கிற சமயம், அவர்களிடம் தண்ணீர் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஒருபக்கம் வடிந்தது, மறுபக்கம் ஏறியது. வெயிலும் காற்றும் தூரில் படட்டும் என்று நாகம்மையும் ஜெபதாசின் பெண்டாட்டி கிரேசியும் மூங்கில் கழியால் எட்டடிக்கு ஒரு வகிடாகப் பயிரைப் பிரித்துச் சாய்த்தார்கள். வெயில் வந்தால்தானே? நான்கு நாள் வானம் மூடியே கிடந்தது. மருந்தடிக்க ஆள் வந்தான். கதிர் அடர்ந்த பயிரில் மருந்து மேலிலையை நனைத்ததே தவிர தூருக்குப் போய்ச் சேரவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்பார்களே, அந்தக் கதைதான். காலையில் பார்த்தால் நேற்றைய பாய் இன்று களமாகியிருக்கும். ஒரு களம் பக்கத்துக் களத்தோடு சேர்ந்துவிட்டிருக்கும். நாகம்மை தினமும் வந்து நின்றாள். மனுஷர் படுக்கையில் கிடந்தால் தலையைப் பிடிக்கலாம், கஞ்சி ஊற்றலாம். பயிருக்கு என்ன செய்வது? நின்று பார்த்தாள், அவ்வளவுதான்.

மற்ற வயல்களிலும் அங்கங்கே சேதம் இருந்தது. நாகம்மையின் வயல் மேடு. தண்ணீர் சீக்கிரம் வடியும், அதனால் மூன்றில் ஒரு பங்கு சேதத்தோடு தப்பியது. ஜெபதாசின் வயல் முழுக்கப் போயிற்று. அவள் சொல்லைக் கேட்டவன் அழிந்தான், சொன்னவள் அறுவடை செய்தாள். அறுப்பு மிஷின் அவள் வயலில் இறங்கின அன்று அவளுக்கு வீட்டைவிட்டு வெளியே வரவே கூசியது.

அவன் இரண்டு வார்த்தை ஏசுவான் என்று காத்திருந்தாள். ஏசவில்லை. கிரேசிகூட முகத்தைத் திருப்பவில்லை. ஒருநாள் தாங்காமல் நாகம்மையே, என் பேச்சைக் கேட்டுத்தானே வாமடையை மூடினாய், ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று அவனிடம் கேட்டுவிட்டாள். நீங்கள் இல்லாததையா சொன்னீர்கள், சட்டியில் இல்லைதானே என்றான். அது அவளுக்கு ஏச்சைவிட மோசமாக இருந்தது. அவன் நாலு ஏச்சு ஏசியிருந்தால் உனக்குச் சோறு இறங்கியிருக்கும் என்றான் பொன்னுலிங்கம். இப்போதெல்லாம் அவன் ஸ்டாண்டில் பூச்சிக் கதை பேசுவதில்லை. புதிதாக ஒரு சோற்றுத் தட்டு வாங்கிக்கொண்டான்.

கடைசியில் நாகம்மை துபாய்க்கே போன் போட்டாள். நம்பரைக் கிரேசியிடம் வாங்கினாள். ஷைஜுவோடு அவள் பேசுவது அதுதான் முதல்தரம். குற்றம் ஜெபதாசின் மேல் இல்லை, அவன் தண்ணீரை வடிக்கத்தான் போனான், தடுத்தது நான், ஆகவே இன்னும் ஒரே ஒரு போகத்துக்கு அவனுக்கு வயலை விடு என்று மனப்பாடம் செய்ததைப் போல ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் நடுவில் பேசாமல் முழுக்கக் கேட்டான்.

"அக்கா, நீங்க சொல்லது எனக்கு மனசிலாவுகு," என்றான். "ஒங்க மேலயும் தப்பில்ல, அண்ணன் மேலயும் தப்பில்ல. ஆனா அடுத்த போகம் பூச்சி வராதுண்ணு நீங்க ஒரு வாக்கு சொல்லுவியளா?"

மார்கழியில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இப்போது போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். அவன் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, சரி அக்கா, வைக்கட்டுமா என்று கேட்டு வைத்தான்.

மாசி மாதம் முதல் வாரம், ஒருநாள் காலை, சட்டியைத் தூக்கினால் கனத்தது. தண்ணீரே தெரியாமல் மேலே பழுப்பாக ஓர் ஆடை. அரிப்பு இரண்டுதரம் நிறைந்தது. தட்டில் பரப்பிப் பார்த்தாள். எல்லாம் புகையான், எல்லாவற்றுக்கும் முதுகைத் தாண்டிய கண்ணாடி இறக்கை. ஜிஷா இதையும் சொல்லியிருந்தாள்: பயிர் காய்ந்து, கூட்டம் நெருங்கி, தின்ன ஒன்றும் இல்லாமல் போகிறபோது மறுபடி நீள இறக்கையோடு பிறக்கும், கிளம்பிப் போகும் என்று.

நாகம்மை தட்டோடு கீழே நடந்தாள். ஜெபதாசின் வயலோரம் ரோட்டில் ஒரு லாரி செம்மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் லோடு. ஜெபதாஸ் தன் மண்வெட்டியையும் இரண்டு சாக்கையும் எடுத்துக்கொண்டு போக வந்தவன், மண் சரிவதைப் பார்த்தபடி நின்றான். அடுத்த திங்கட்கிழமை மறுபடி குலசேகரத்துக்குப் போகிறான், பழைய தோட்டத்திலேயே பால் வெட்ட ஆள் கேட்டிருக்கிறார்கள். அவள் தட்டைக் காட்டினாள். அவன் குனிந்து, ஒன்றை விரல் நுனியில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"இதுக்கு எறக்க இருக்கு," என்றான்.

"ம்."

"இனி எங்க போவும்?"

"பச்ச எங்க நிக்கோ, அங்க."

அவன் விரலைச் சாக்கில் துடைத்துக்கொண்டான். போவதற்கு முன் ஒன்று கேட்டான்: வாட்சப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட வேண்டாம் அக்கா, கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. வயல் இல்லாதவனுக்குப் பூச்சிக் கணக்கு எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. சரி என்று தலையாட்டினாள்.

இப்போது ஆனி மாதம். கன்னிப்பூ சாகுபடி நடக்கிறது. ஷைஜுவின் வயல் இருந்த இடத்தில் செம்மண் மேடும் நான்கு மனைக்கல்லும் இருக்கின்றன. பொறியை வேறு யாராவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நாகம்மை சொல்லிப் பார்த்தாள். கரண்டு உங்கள் அறையில்தானே இருக்கிறது என்று ஊர் அதை அவளிடமே விட்டுவிட்டது. ஆகவே காலை ஆறரைக்குச் சட்டியைத் தூக்குகிறாள். எண்ணுகிறாள். எண்ணைச் சொல்லிவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்கிறாள். யாருக்கும் எதுவும் செய்யச் சொல்வதுமில்லை, வேண்டாம் என்பதுமில்லை. தினமும் அதை முதலில் கேட்பது ஜெபதாஸ்தான். பால் வெட்டி முடித்து, ஏதாவது மரத்தடியில் உட்கார்ந்து கேட்பான் போலிருக்கிறது. அவன் பெயருக்கு நேரே நீலக்குறி விழும்.

நேற்றுத் தட்டில் ஒன்றுமே இல்லை.

நாகம்மை போனை எடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தாள். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள். பிறகு போனை மோட்டார் அறை ஜன்னலில் வைத்துவிட்டுத் தன் வயலுக்குள் இறங்கினாள். சூல் பிடித்த பயிர். வரப்பில் போன இரண்டு பெண்கள் நின்று, கூடாததைப் பார்த்த மாதிரி பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு தூராக விலக்கினாள். பத்து என்றாள் ஜிஷா, இவள் நாற்பது பார்த்தாள். பூச்சி இல்லை. இன்னும் ஒரு நாற்பது பார்த்தாள். இல்லை. எண்பத்தோராவது தூரில் இருக்காது என்று யார் கண்டது?

வெயில் ஏறிய பிறகு கரைக்கு வந்து போனை எடுத்தாள். குலசேகரத்திலிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது.

"அக்கா, இன்னைக்கு கணக்கு வரல்லியே?"

சேறு அப்பிய கையோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இல்லை என்ற ஒரு சொல்தான் சொல்ல வேண்டியது. அது அவளால் ஆகவில்லை.